மணல் நிற்குமா? வடசென்னைக் கரையோரம் ஒரு வரலாறு

மணலி என்ற பெயரைக் கேட்டதும் இலக்கிய வாசகர்களுக்கு நினைவுக்கு வருபவர் மணலி முத்துக்கிருஷ்ண முதலியார். அருணாசலக் கவிராயரின் இராம நாடகத்தை ஆதரித்த வள்ளல். பதினெட்டாம் நூற்றாண்டுச் சென்னையின் பெரும் துபாஷிகளுள் ஒருவர். மற்றவர்களுக்கு நினைவுக்கு வருவது எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையின் புகைபோக்கியும் உரத் தொழிற்சாலையும். இரு சாராருமே மறந்துவிடுவது, அந்தப் பெயருக்குள்ளேயே ஒலித்துக்கொண்டிருக்கும் மணலை. கொசஸ்தலை ஆறும் கடலும் காற்றும் நெடுங்காலம் கொண்டுவந்து சேர்த்த மணலும் களியும்தான் எண்ணூர், திருவொற்றியூர், மணலி வட்டாரத்தின் தரை. அதன்மீதுதான் துறைமுகமும் தண்டவாளமும் ஆலைகளும் குடியிருப்புகளும் நிற்கின்றன.

சில மாதங்களுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நண்பர்கள் நால்வர் காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரை கடலோரச் சாலையில் சென்றோம். கட்டுரை எழுதும் எண்ணம் அப்போது இல்லை. திருவொற்றியூரைத் தாண்டி ஓரிடத்தில், அலையை எதிர்த்துக் கொட்டப்பட்டிருந்த கருங்கற்களின் மேல் வலை பழுதுபார்த்துக்கொண்டிருந்த ஒரு பெரியவரிடம் பேச்சுக் கொடுத்தோம். "ஐயா, இங்கே மணற்கரையே இல்லையா?" என்று கேட்டோம். அவர் வலையிலிருந்து கையை எடுக்காமல், முகவாயால் கடலைச் சுட்டிக் காட்டினார். "அதோ அந்த அலை ஒடையுது பாரு தம்பி, அதுக்கு அந்தாண்ட எங்க பாட்டன் வூடு இருந்துச்சு. மணலு போச்சு, வூடும் போச்சு. இப்போ கல்லு இருக்குது" என்றார்.

மணல் போனதும் கல் வந்ததும் ஒரு வரலாறு. கல் வருவதற்கு முன்னர் இக்கரையில் மணலை எது பிடித்து வைத்திருந்தது என்பது அதற்கும் முந்திய வரலாறு. இன்று ஆய்வுக்கூடங்களில் தாவர நாரையும் நுண்ணுயிரையும் கொண்டு மணலை உறுதிப்படுத்தும் முயற்சிகள் நடைபெறுகின்றன. அவற்றைப் பற்றிப் படித்தபோது, இவ்விரண்டுமே இக்கரைக்குப் புதியவை அல்ல என்று எங்களுக்குத் தோன்றியது. அந்தத் தொடர்பைத் தேடிப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

மணலின் குணம்

களிமண்ணைக் கையில் பிடித்தால் பிடி நிற்கும். உலர்ந்த மணலைப் பிடித்தால் விரலிடுக்கில் வழிந்துவிடும். களிமண் துகள்களுக்கிடையே ஒட்டும் தன்மை உண்டு. மணலுக்கு அது இல்லை. ஒரு மணல் மற்றொன்றின் மீது உராய்வதால் மட்டுமே மணற்குவியல் நிற்கிறது. மேலிருந்து அழுத்தினால் நன்றாகவே தாங்கும். பக்கவாட்டில் இழுத்தால் உடனே விலகிவிடும். நீர் செறிந்த தளர்ந்த மணல் நிலநடுக்கத்தில் குலுங்கினால், துகள்களின் பிடி விட்டுப்போய்ச் சிறிது நேரம் குழம்பைப் போலவே நடந்துகொள்ளும். ஆகவே மணலை உறுதிப்படுத்த இரண்டு வழிகளைச் சொல்லலாம். ஒன்று, இழுவிசையைத் தாங்கக்கூடிய எதையாவது அதனுள் செலுத்துவது. மற்றொன்று, துகளோடு துகளை ஒட்டவைப்பது. முதலாவது நாரின் வேலை. இரண்டாவது சுண்ணாம்பின் வேலை.

இந்த முதல் வேலையைக் கடற்கரைச் செடிகள் மனிதனுக்கு முன்பே செய்துவந்தன. நெய்தல் திணைப் பாடல்களைப் படித்தவர்களுக்கு அடும்பு அறிமுகமானது. ஆட்டுக் குளம்பைப் போல் பிளந்த இலையும் ஊதாப் பூவும் கொண்டு மணல்மேட்டில் படரும் கொடி. இன்று மீனவ ஊர்களில் அடப்பங்கொடி என்பார்கள். கணுதோறும் வேரூன்றி நெடுந்தூரம் ஓடுவதால் மேற்பரப்பு மணலை அது வலைபோலப் போர்த்தி வைக்கிறது. இராவணன் மீசை என்னும் முள்நுனிப் புல் காற்றில் பறந்து வரும் மணலைத் தடுத்து, புதைய புதையத் தானும் மேலே வளர்ந்து, மேட்டை உயர்த்துகிறது. தாழை தன் விழுதுகளால் மேட்டின் பின்புறத்தைத் தாங்குகிறது. சங்கப் புலவர்கள் இவற்றைக் காதலர் சந்திக்கும் இடத்தின் அடையாளமாகப் பாடினார்கள். அந்த இடம் அங்கே இருந்ததற்கே இவைதாம் காரணம்.

கயிறு தைத்த படகு

நாரின் அருமையைச் சென்னைக் கரை வேறொரு வகையிலும் அறிந்திருந்தது. துறைமுகம் இல்லாத அக்காலத்தில் கப்பல்கள் கடலில் நங்கூரமிட்டு நிற்கும். சரக்கையும் மனிதரையும் அலைமுறிவுக்கு ஊடே கரைசேர்த்தவை மசூலா படகுகள். அவற்றில் இரும்பு ஆணி கிடையாது. பலகையோடு பலகையைத் தென்னை நார்க் கயிற்றால் தைத்திருப்பார்கள். ஆணியடித்த விறைப்பான ஐரோப்பியப் படகு அலையடியில் மணலில் மோதி உடையும். கயிறு தைத்த படகோ வளைந்து கொடுத்துத் தப்பும். ஆங்கிலேயர் பலர் தம் குறிப்புகளில் அச்சத்தோடும் வியப்போடும் எழுதிவைத்தது இந்தப் பயணத்தைத்தான். வளைந்து கொடுக்கும் நாரும் விறைத்து நிற்கும் பொருளும் சேர்ந்தால் என்ன நிகழும் என்ற கேள்விக்கு நாம் பின்னர் திரும்புவோம்.

அந்தக் கயிறு எப்படிக் கிடைக்கிறது என்பதும் கவனிக்கத்தக்கது. தேங்காய் மட்டையை உப்பங்கழியில் மாதக்கணக்கில் ஊறவைப்பது பழைய முறை. ஊறும்போது மட்டையின் நார்களைப் பிணைத்திருக்கும் பசைப்பொருளை நுண்ணுயிர்கள் தின்று கரைக்கின்றன. பிறகு அடித்தால் நார் தனியே பிரிகிறது. பாக்டீரியா என்ற சொல்லை அறியாமலேயே கடலோர மக்கள் பாக்டீரியாவிடம் வேலை வாங்கியிருக்கிறார்கள். இதனால் கழிநீர் கெட்டதும் உண்மை. தென்னை நாரில் லிக்னின் என்னும் கடினப்பொருள் மிகுதி. ஆகையால் மற்ற பல தாவர நார்களைவிட மண்ணில் அது மெதுவாக மட்கும். சரிவுகளிலும் கால்வாய்க் கரைகளிலும் மண் அரிப்பைத் தடுக்க இன்று விரிக்கப்படும் கயிற்றுவலைகளின் அடிப்படை இதுவே. சில ஆண்டுகளில் வலை மட்கிப்போகும். அதற்குள் புல் வேர்பிடித்துவிட வேண்டும்.

கால்வாயும் விறகும் சவுக்கும்

1806இல் பேசில் காக்ரேன் என்பவரின் முயற்சியில் சென்னையிலிருந்து எண்ணூருக்கு ஓர் உப்புநீர்க் கால்வாய் வெட்டி முடிக்கப்பட்டது. பின்னர் அரசு அதை ஏற்று வடக்கிலும் தெற்கிலும் நீட்டியது. 1876–78 பெரும் பஞ்சத்தின்போது நிவாரணப் பணியாகக் கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் பகுதி வெட்டப்பட்டது. 1878இல் அப்போதைய ஆளுநரின் பெயரால் அது பக்கிங்ஹாம் கால்வாய் ஆயிற்று. அடி வயிற்றுக்காக மண் சுமந்த பஞ்சத்து மக்களின் பெயர் எதுவும் அதில் இல்லை. மணலி, எண்ணூர்ப் பக்கமிருந்து உப்பும் சுண்ணாம்புக்குரிய சிப்பியும் விறகும் இக்கால்வாய் வழியே நகருக்குள் சென்றன.

விறகு என்றதும் சவுக்கைச் சொல்லியாக வேண்டும். தென்னிந்தியாவின் முதல் இரயில் 1856 ஜூலை 1 அன்று இராயபுரத்திலிருந்து புறப்பட்டது. அன்றைய எஞ்சின்கள் எரித்தது பெரும்பாலும் மரத்தை. அதே 1856இல் சென்னை மாகாணக் காடுகளின் பாதுகாவலராக ஹியூ கிளெக்ஹார்ன் நியமிக்கப்பட்டார். இரயிலின் விறகுப் பசி அவரை வருத்திய சிக்கல்களுள் ஒன்று. நகரத்து அடுப்புகளின் பசியும் அதனோடு சேர்ந்துகொண்டது. வேறெதுவும் விளையாத கடற்கரை மணலில் வேகமாக வளரும் மரம் ஒன்று தேவைப்பட்டது. அதற்கு விடையாகத்தான் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் சென்னைக்கு வடக்கிலும் தெற்கிலும் சவுக்குத் தோப்புகள் பெருகின. தென்கிழக்கு ஆசியாவையும் ஆஸ்திரேலியாவையும் தாயகமாகக் கொண்ட அந்த மரம் நம் கடற்கரையின் முகத்தையே மாற்றிவிட்டது. இன்று சவுக்கு இல்லாத சோழமண்டலக் கரையை நினைத்துப் பார்ப்பதே கடினம்.

உரமற்ற மணலில் சவுக்கு எப்படிச் செழிக்கிறது? அதன் வேர்களில் முண்டு முண்டாகக் கணுக்கள் இருக்கும். அவற்றுக்குள் ஃபிராங்கியா என்ற பாக்டீரியா வாழ்கிறது. அது காற்றிலுள்ள நைட்ரஜனை மரத்துக்கு உணவாக்கித் தருகிறது. மரம் அதற்குச் சர்க்கரை தருகிறது. 1886இல் இப்பெயர் சூட்டப்பட்டபோதிலும், இவ்வகை நுண்ணுயிரை மரத்திலிருந்து பிரித்துத் தனியே வளர்க்க 1978 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதாவது, மணலுக்குள் தாவர நாரும் நுண்ணுயிரும் கூட்டுச் சேர்ந்து மணலைப் பிடித்துவைக்கும் ஏற்பாடு இக்கரையில் நூறாண்டுக்கும் மேலாக நடந்துகொண்டிருந்தது. விறகு வெட்டியவர்களுக்கும் நட்டவர்களுக்கும் அது தெரியாது.

சவுக்கை முற்றாகப் புகழ்ந்துவிடவும் முடியாது. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பின், கடலூர் மாவட்டத்தை ஆராய்ந்து 2005இல் வெளியான ஓர் ஆய்வு, அலையாத்திக் காடும் சவுக்குத் தோப்பும் முன்னால் இருந்த ஊர்களில் சேதம் குறைவு என்றது. ஊரின் உயரமும் கடலிலிருந்து உள்ள தொலைவுமே முக்கியக் காரணங்கள் என்று வேறு சிலர் மறுத்தனர். விவாதம் முடிவதற்குள் கரையெங்கும் சவுக்கு நடப்பட்டது. சவுக்கின் சருகு மெத்தைக்கடியில் அடும்பும் இராவணன் மீசையும் முளைப்பதில்லை. தை, மாசி இரவுகளில் முட்டையிட வரும் பங்குனி ஆமைகளுக்குத் திறந்த மணல் வேண்டும். கடலை ஒட்டி நட்ட தோப்பு அதைப் பறித்துவிடுகிறது.

கல் வந்த கதை

1875 டிசம்பரில் வேல்ஸ் இளவரசர் சென்னைத் துறைமுகத்துக்கு அடிக்கல் நாட்டினார். வில்லியம் பார்க்ஸ் வகுத்த திட்டப்படி இரண்டு கற்சுவர்கள் கடலுக்குள் நீண்டன. 1881 நவம்பர்ப் புயல் அவற்றைச் சிதைக்க, மீண்டும் கட்டினார்கள். மணலோ புயலுக்குக் காத்திருக்கவில்லை. சோழமண்டலக் கரையில் தென்மேற்குப் பருவக்காற்றின் மாதங்களில் அலைகள் மணலை வடக்கே நகர்த்துகின்றன. வடகிழக்குப் பருவக்காற்று குறைந்த அளவில் தெற்கே திருப்புகிறது. ஆண்டுக் கணக்கில் பார்த்தால் பல லட்சம் கனமீட்டர் மணல் வடக்கு நோக்கிப் பயணம் செய்கிறது. சுவர் எழுந்ததும் அந்தப் பயணம் நின்றது. தெற்கே மணல் குவிந்தது. ஆளுநர் கிராண்ட் டஃப் 1880களில் உலாச்சாலை அமைத்து மெரினா என்று பெயரிட்ட கரை, இந்தக் குவிப்பால் அகன்றுகொண்டே போயிற்று. வடக்கே இராயபுரத்துக்கு வரவேண்டிய மணல் வரவில்லை. அலை எடுத்தது எடுத்ததாகவே போயிற்று.

பொறியாளர்கள் இதை அறியாமலில்லை. 1904இல் துறைமுகப் பொறுப்பேற்ற பிரான்சிஸ் ஸ்ப்ரிங், கிழக்கு நோக்கிய நுழைவாயில் மணலால் தூர்வதைக் கண்டு, அதை மூடி வடகிழக்கில் புதிய வாயில் அமைத்தார். சென்னைத் துறைமுகத்தருகே மணல் பயணப்படுவதைப் பற்றி அவர் எழுதிய கட்டுரை 1910களில் இலண்டனில் வெளியாயிற்று. துறைமுகம் காப்பாற்றப்பட்டது. வடக்கே இருந்த குப்பங்களுக்குக் கிடைத்தது கற்குவியல். பிறகு கடலுக்குள் நீளும் தூண்டில் வளைவுகள். ஒவ்வொரு வளைவும் தனக்குத் தெற்கே சிறிது மணலைப் பிடித்து, வடக்கே உள்ள அடுத்த ஊரைப் பட்டினி போடுகிறது. அரிப்பும் ஊர் ஊராக வடக்கே நகர்ந்தது. 2001இல் எண்ணூர்த் துறைமுகம் திறக்கப்பட்டது. அதன் வடக்கே காட்டுப்பள்ளியில் மற்றொன்று எழுந்தது. மெரினாவில் சுண்டல் தின்றபடி உலவும் நம்மில் எத்தனை பேர், நம் காலடியிலுள்ள மணலில் ஒரு பகுதி இராயபுரத்துக்குச் சேரவேண்டியது என்று எண்ணியிருப்போம்?

சூளையில்லாச் சுண்ணாம்பு

இனி இரண்டாவது வழிக்கு வருவோம். பளிங்கைப் போல் மின்னிய சென்னைச் சுண்ணப்பூச்சு பதினெட்டாம் நூற்றாண்டில் உலகப் புகழ் பெற்றது. அதன் மூலப்பொருள் பழவேற்காடு, எண்ணூர்க் கழிகளின் சிப்பி. சிப்பியைச் சூளையில் சுட்டு, நீரூற்றித் தாளித்து, மணல் சேர்த்து, கடுக்காய் நீரும் வெல்லமும் கலந்து அரைப்பார்கள். பூசிய பின் அது காற்றிலுள்ள கரியமில வாயுவை மெல்ல உறிஞ்சி மீண்டும் கால்சியம் கார்பனேட்டாக, அதாவது சிப்பி எதனால் ஆனதோ அதுவாகவே மாறுகிறது.

இதே பொருளைச் சூளையின்றி மணலுக்குள்ளேயே விளைவிப்பதுதான் இன்றைய நுண்ணுயிர் முறை. மண்ணில் இயல்பாக வாழும் ஸ்போரோசார்சினா பாஸ்டுரி என்ற பாக்டீரியாவை மணலுக்குள் செலுத்தி, யூரியாவும் கால்சியம் உப்பும் கரைந்த நீரை ஊட்டுகிறார்கள். பாக்டீரியாவின் நொதி யூரியாவை உடைக்கிறது. சுற்றியுள்ள நீர் காரத்தன்மை அடைகிறது. தோன்றும் கார்பனேட் கால்சியத்தோடு கூடி, மணற்துகள்கள் தொடும் இடங்களில் படிகமாகப் படிகிறது. சில நாட்களில் உதிரி மணல் மணற்கல்லாகிவிடுகிறது. இராமேசுவரக் கரையில் இயற்கை நெடுங்காலத்தில் உருவாக்கிய கடற்கரைப் பாறையின் பிணைப்பும் இத்தகையதே. 2000களின் தொடக்கத்தில் ஆஸ்திரேலியாவின் பெர்த்திலும், தொடர்ந்து கலிபோர்னியாவின் டேவிஸிலும், நெதர்லாந்தின் டெல்ஃப்டிலும் இவ்வாய்வு வளர்ந்தது. டெல்ஃப்டில் நூறு கனமீட்டர் மணலில் செய்து பார்த்தார்கள். பாறை உருவாயிற்று, ஆனால் எங்கும் ஒரே சீராக அல்ல. கரைசல் ஓடிய வழியெல்லாம் கெட்டியாகவும், ஓடாத இடம் தளர்வாகவும் இருந்தது.

இப்படிப் பிணைத்த மணலுக்கு மற்றொரு குறையும் உண்டு. அது விறைப்பானது, தாங்கும் வரை தாங்கிச் சட்டென்று உடையும். ஆணியடித்த படகின் குணம். இங்கேதான் நார் வருகிறது. தென்னை, சணல் முதலிய நார்களைத் துண்டுகளாக்கி மணலில் கலந்து, பிறகு நுண்ணுயிரை ஊட்டினால், விரிசல் விழும்போது நார்கள் இருபுறத்தையும் பிடித்துக்கொள்கின்றன. நாரின் சொரசொரப்பான மேற்பரப்பு பாக்டீரியா தங்கவும் படிகம் பற்றவும் இடமாகிறது. அளவு மிஞ்சினால் நார் திரண்டு கரைசலின் வழியை அடைத்துவிடும். ஆகையால் மணலின் எடையில் மிகச் சிறு பங்கே சேர்க்கிறார்கள். மண்சுவருக்கு வைக்கோல் மிதித்துக் கலந்த நம் முன்னோருக்கு இந்தக் கணக்கு கைப்பழக்கமாகவே தெரிந்திருந்தது. 1960களில் ஹென்றி விடால் என்ற பிரெஞ்சுப் பொறியாளர் மண்ணுக்குள் பட்டைகளைப் புதைத்துப் பொறியியலாக்கியதும் இதே கருத்தைத்தான்.

மணலியின் பங்கு

இம்முறைக்கு வேண்டிய முதன்மைப் பொருள் யூரியா. மணலியின் உரத் தொழிற்சாலை 1971 முதல் யூரியா செய்கிறது. மணலுக்கு மருந்து மணலியிலேயே இருக்கிறதே என்று நண்பர் ஒருவர் மகிழ்ந்தார். அந்த மகிழ்ச்சி அதிக நேரம் நீடிக்கவில்லை. யூரியா உடையும்போது கார்பனேட்டுடன் அம்மோனியமும் பிறக்கிறது. அதைக் கழுவி எடுத்து வேறெங்காவது பயன்படுத்தாவிட்டால் நிலத்தடி நீரிலும் கழியிலும் கலந்துவிடும். அம்மோனியா என்பது இப்பகுதி மக்களுக்கு வேதியியல் பாடத்துச் சொல் அல்ல. 2023 டிசம்பர் இறுதியில் எண்ணூர் பெரியகுப்பத்தருகே கடலடிக் குழாயிலிருந்து அது கசிந்தபோது, நள்ளிரவில் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடியவர்கள் அவர்கள். அதே மாத வெள்ளத்தில் கழியெங்கும் எண்ணெய் படர்ந்ததையும் கண்டவர்கள். ஆய்வுக்கூடத்தில் பக்கவிளைவு என்று ஒரு வரியில் முடிவது, இங்கே ஓர் ஊரின் மூச்சு.

மற்றொன்றையும் சொல்லிவிட வேண்டும். நாரும் நுண்ணுயிரும் சாலையோரச் சரிவையும் கால்வாய்க் கரையையும் காற்றில் பறக்கும் மணல்மேட்டையும் கட்டடத்தின் கீழுள்ள தளர்ந்த மணலையும் உறுதிப்படுத்தலாம். அங்கெல்லாம் சிமெண்டைக் குறைக்க அவை உதவும். ஆனால், தெற்கிலிருந்து மணல் வராத கரையை அவற்றால் மீட்க முடியாது. இல்லாத மணலைப் பிணைப்பது எப்படி? இருக்கும் மணலையும் முழுதாகப் பாறையாக்கிவிட்டால் ஆமைக்கும் நண்டுக்கும் இடமில்லை. கட்டுமரத்தை இழுத்து வைக்கவும் இடமில்லை. கடற்கரைக்கு வேண்டியது அசையாத மணல் அன்று. போவதும் வருவதுமாக, போன அளவுக்கு வந்துகொண்டிருக்கும் மணல். அடும்பு அதை அறிந்த செடி. அது மணலைச் சிறைப்படுத்துவதில்லை, தாமதப்படுத்துகிறது; புயல் கொண்டுபோனதை அடுத்த பருவத்தில் மீண்டும் சேர்க்கிறது.

தெற்கே தேங்கும் மணலை எடுத்து வடக்கே சேர்ப்பது, மேடுகளில் நாட்டுச் செடிகளை மீட்பது, தேவையான இடத்தில் மட்டும் நார்வலை விரிப்பது, அம்மோனியத்தை மீட்டெடுக்கும் ஏற்பாடு உறுதியான பிறகே நுண்ணுயிரை வெளியில் பயன்படுத்துவது – இந்த வரிசையில் யோசிப்பதே முறை என்று எங்களுக்குப் படுகிறது. வரிசையைத் தலைகீழாக்கி, புதிய நுட்பம் வந்துவிட்டது என்ற பெயரில் மேலும் ஒரு சுவரை எழுப்பினால், 1875இன் கதையே திரும்பும்.

அன்று திரும்பும் வழியில், எண்ணூர் முகத்துவாரத்துக்குச் சற்றுத் தெற்கே, இரண்டு கற்குவியல்களுக்கு இடையில் ஒரு சிறு மணல்திட்டைக் கண்டோம். ஒரு வீட்டு முற்றம் அளவுதான் இருக்கும். அதன்மேல் அடப்பங்கொடி படர்ந்து நாலைந்து பூக்கள் விரிந்திருந்தன. பெரியவரின் பாட்டன் வீட்டு முன்றிலிலும் இதே கொடிதான் இருந்திருக்கும். அடுத்த முறை போகும்போது அந்தத் திட்டு அங்கே இருக்குமா என்று பார்க்க வேண்டும்.